கோழிக்கூட்டுக்கு வந்த மாப்பிள்ளை

எங்கள் வீட்டுக்குள் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கோபித்துக்கொள்ள இடமில்லை. யாராவது ஒருவர் வெளியே போய்த்தான் கோபிக்க வேண்டும். நான் கோபித்தால் உம்மா வீட்டுக்குப் போவேன்; அது ஒரு சுவருக்கு அப்பால். அவர் கோபித்தால் ஒழுங்கை முனைக் கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடிப்பார். திரும்பி வரும்போது எனக்கும் இரண்டு வடை வாங்கி வருவார். வடையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது? ஆகையால் எங்கள் சண்டைகள் நீளுவதில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு அறையில் போய்ப் படுத்துக்கொண்டு வாரக்கணக்கில் கோபம் வளர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வசதி எங்களுக்கு இல்லை.

எங்கள் பக்கம், இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியானாலும் மருதமுனையானாலும், வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண் எங்கேயும் போவதில்லை. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, பெண்களுக்கு எவ்வளவு மரியாதை என்று வியப்பார்கள். அவர்கள் அந்த வீடுகளின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுத்தாக வேண்டும். காணி இருக்கும்வரை புது வீடு கட்டிக் கொடுப்பார்கள். காணி முடிந்ததும் தாங்கள் இருக்கிற வீட்டையே கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் குசினிக்குப் பின்னால் தகரம் போட்டு ஓர் அறை இறக்கி அங்கே போய்விடுவார்கள். யாரும் போகச் சொல்வதில்லை. போகவேண்டாம் என்றும் யாரும் சொல்வதில்லை.

நாங்கள் நான்கு பெண்கள். நான் கடைசி. வாப்பா மீன் வியாபாரத்தில் உழைத்ததெல்லாம் மூன்று ராத்தாமாரின் வீடுகளாக எங்கள் வளவுக்குள் எழும்பி நின்றது. மிச்சம் இருந்தது உம்மாவும் வாப்பாவும் இருந்த பழைய வீடு. அது எனக்கு என்று நான் பிறந்த அன்றே முடிவாகிவிட்டதாம். நான் மட்டும் அந்த முடிவுக்குச் சம்மதிக்கவில்லை.

அதற்குக் காரணம் என் தொழில். நான் திரைச்சீலை தைப்பவள். எங்களூரில் கேட்டின் என்றால்தான் தெரியும். அளவெடுக்க ஊரெல்லாம் போவேன். முன் வீட்டு ஜன்னல்களுக்கு மினுங்குகிற துணி, மடிப்பு வைத்த தலைப்பு, கட்டிவைக்கக் குஞ்சம் என்று பெண்கள் ஆசையாசையாகக் கேட்பார்கள். தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போனால் அந்தப் பின்னறை கண்ணில் படும். அந்த அறையிலும் ஒரு ஜன்னல் இருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு வீட்டிலும் அந்த ஜன்னலுக்குக் கேட்டின் கேட்டதில்லை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு பிடிவாதம் முற்றிவிட்டது. என் உம்மாவை நான் அந்த ஜன்னலுக்குப் பின்னால் விடமாட்டேன்.

எங்கள் வளவில் பழைய வீட்டுச் சுவருக்கும் இரண்டாவது ராத்தாவின் மதிலுக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. உம்மா அதில் கோழிக்கூடு வைத்திருந்தார். நான் கோழிகளை விற்கச் சொன்னேன். மேசன் வந்து அந்த இடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ள என்ன கட்டுற? மதில் கட்டுறண்டா சொல்லுங்க, கட்டித்தாறன்."

"ஊடு கட்டுற."

"ஆருக்கு?"

"எனக்கு. உங்களுக்கு இல்ல, பயப்படாதீங்க."

மனுசன் சிரித்துக்கொண்டே கட்டினார். முன்னால் நான் தைக்கிற இடம், அதை ஒட்டிக் குசினி, பின்னால் குளிக்கிற அறை, தலைக்கு மேலே படுப்பதற்குப் பலகைத் தட்டு, தட்டுக்கு ஏறப் படி. படிக்குக் கீழே துணி வைக்க அலுமாரி. அவ்வளவுதான். ஊரில் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள். கோழிக்கூடு. சந்தையில் கண்ட பெண்கள், "கூடு முடிஞ்சா புள்ள?" என்று கேட்பார்கள். "முடிஞ்சி, முட்டையிடத்தான் மிச்சம்" என்று நானும் சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் மெஷினை மிதிப்பேன். ஆனாலும் சாயங்காலம் கதவைத் திறந்து வைத்துக் கடற்காற்று நேராக உள்ளே வந்து பின் ஜன்னல் வழியாகப் போகும்போது, இந்த ஊரில் என்னைவிட வசதியான பெண் இல்லை என்று நினைப்பேன்.

சம்பந்தம் பேசி வந்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியவில்லை. எங்களில் பெண் பார்க்க வருவதென்றால் பாதி வீடு பார்க்க வருவதுதான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, பழைய வீட்டைக் கடந்து, என் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். "இது தையல் அறையா?" என்பார்கள். "இல்ல, இதுதான் ஊடு" என்பேன். பிறகு அவர்கள் குடித்த தேநீர்க் கோப்பை மட்டும் மிஞ்சும். ராத்தாமார் மூவரும் என்னோடு முறைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்து போனவர்கள் யார்மீதும் ஆசை இருக்கவில்லை. ஆகையால் கவலையும் இருக்கவில்லை.

அப்போதுதான் மருதமுனையில் ஒரு பெரிய வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். வீடு ஒரு மதினிக்குச் சொந்தம். இப்போது மதினி, அப்போது வாடிக்கைக்காரி. பூசிய சுவரில் ஈரம் காயவில்லை, வரவேற்பறை ஜன்னல் கூரைவரை இருந்தது. ஏணி கேட்டேன். அவரின் தம்பி, பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர், பக்கத்து அறையிலிருந்து வந்து அளவு நாடாவின் நுனியை வாங்கினார்.

"ஏணி என்னத்துக்கு தங்கச்சி, நான் இரிக்கன்தானே."

உண்மைதான். அந்த மனுசன் அவ்வளவு உயரம். கையைத் தூக்கினார், கம்பி போடுகிற இடத்தைத் தொட்டார். நான் கீழே குந்தியிருந்து மற்ற நுனியைப் பிடித்தேன். அளவைச் சொன்னார். நான் எழுதினேன். தவறாக எழுதிவிட்டேன் என்று மேலேயிருந்தே கண்டுபிடித்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. என் அளவை யாரும் திருத்தியதில்லை. இரண்டாவது தரம் அளந்தோம். அவர் சொன்னதுதான் சரி. கோபம் இன்னும் கூடியது. அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, அவர் நாடாவைப் பிடித்த விதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போனேன். பின்னறை இருந்தது. கதவில்லை. அவர்களின் உம்மா கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் உடுத்துக் கழித்த பழைய சாரமொன்று ஆணியில் தொங்கியது. நாங்கள் ஸலாம் சொல்லிக் கதைக்கத் தொடங்கியபோது வீட்டுக்காரியான மகள் ஒரு வெங்காய மூட்டையை இழுத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தார். ஸலாமும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். கெட்ட மனுசி இல்லை, அது அவருக்கு ஓர் அறையாகவே தெரியவில்லை.

"பரவால்ல மகள், இஞ்ச இடம் இரிக்கிதானே," என்றார் அந்தத் தாய், நான் எதுவும் கேட்காமலே.

வரவேற்பறைக்குத் தைத்தது இளம்பச்சையில் வெள்ளை இலை போட்ட துணி. மிச்சத் துண்டுகளை ஒட்டி அந்தப் பின்னறை ஜன்னலுக்கு ஒரு கேட்டின் தைத்தேன். பூட்டப் போன அன்று அதையும் பூட்டினேன். "இது ஆரு சொன்ன?" என்று அந்தத் தாய் கேட்டார். "ஒருத்தரும் சொல்லல்ல. துண்டு மிஞ்சின" என்றேன். அவர் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, கேட்டினின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் மிஞ்சிய துண்டை என் வீட்டு ஜன்னலுக்குப் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்தது, இனி அந்தப் பக்கம் போக வேலையில்லை என்று நினைத்தபோது எனக்கு ஏனோ சோறு இறங்கவில்லை.

வேலை முடியவில்லை. ஒரு கிழமையில் அவரிடமிருந்து போன் கோல் வந்தது. "தங்கச்சி, ஒரு கேட்டின்ட கொக்கி கழண்டிட்டு." போய் மாட்டிக் கொடுத்தேன். பிறகு இன்னொரு ஜன்னலில் கழன்றது. பிறகு வரவேற்பறையிலேயே கழன்றது. போய்ப் பார்த்தால் கொக்கிகள் தாமாகக் கழன்று, தாமாக ஜன்னல் படியில் வரிசையாகப் படுத்துக்கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சேர், என்ட கொக்கி இப்பிடி வரிசையா விழாது."

அவருக்குக் காது சிவந்துபோனது. அடுத்த கோல் வந்தபோது கொக்கியும் இல்லை, தங்கச்சியும் இல்லை. "நான்தான் கதைக்கிறன்" என்று மட்டும் சொன்னார். எங்களூரில் ஓர் ஆண்பிள்ளை அறிமுகமில்லாத பெண்ணைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் அதைச் சொல்லாமல் விட்டான் என்றால், அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லத் தேவையில்லை. நான் போனைப் பிடித்தபடி படியில் குந்திவிட்டேன்.

"உம்மாவ அனுப்பட்டா?" என்றார்.

"எங்க?"

"உங்கட ஊட்டுக்கு."

"என்ட ஊட்ட நீங்க பாத்தல்ல. உங்களுக்கு அதுக்குள்ள நிமிந்து நிக்க ஏலா."

"குந்தி இருந்துக்குவன்" என்றார். நான் அந்தப் பதிலிலேயே விழுந்துவிட்டேன். வேறு எதற்கும் இல்லை.

வீடு பார்க்க வரும் நாளுக்கு முதல்நாள் மூத்த ராத்தா எல்லோரையும் கூட்டிவைத்துத் திட்டம் சொன்னார். வருகிறவர்களைப் பழைய வீட்டில் இருத்துவது. அதுதான் என் வீடு என்று அவர்கள் தாமாக நினைத்துக்கொள்வார்கள். நினைத்தால் நினைக்கட்டும், நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லைதானே. கலியாணம் முடிந்தபிறகு அந்த வீட்டுக்கே நான் மாறினால் அதுவும் உண்மையாகிவிடும். கோழிக்கூட்டைத் தையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

"முடிஞ்சா, இல்லாட்டி இன்னும் இரிக்கா?" என்றேன்.

"வாயப் பொத்து. இந்த மாப்பிள்ளையும் போனா நீ அந்தக் கூட்டுக்குள்ளயே கிழவியாப் போவா."

உம்மா எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதமின்மை என்று எண்ணிக்கொண்டது என் மடத்தனம். அஸர் தொழுகைக்குப் பிறகு குசினிப் பக்கம் போனேன். விறகு வைக்கிற பின் அறை கூட்டித் துடைக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு பாய் விரித்து, அதன்மேல் உம்மாவின் தலையணையும் வாப்பாவின் தலையணையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டிய தும்புக்கட்டையைச் சுவரில் சாய்த்தார்.

"உம்மா, என்ன இது?"

"நல்ல புள்ளையாம் மகள். உனக்கும் விருப்பம் எண்டு எனக்குத் தெரியும். நீ சந்தோசமா இரிந்தா எனக்கு இதுவும் மாளிகதான்."

"மாளிகையெண்டா கேட்டின் அளவெடுக்க எனக்கல்லவா முதல்ல சொல்லியிரிக்கணும்."

உம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு தலையணைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் அவர்களுடைய கட்டிலில் எறிந்தேன். பிறகு என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அவரை வேண்டும். அவ்வளவு வேண்டும். நாளைக்கு வாயைத் திறந்தால் அவர் போய்விடுவார். திறக்காவிட்டால் உம்மா பின்னறைக்குப் போய்விடுவார். இதில் எதையும் என்னால் தாங்க ஏலாது என்று அல்லாஹ்விடம் சொன்னேன். அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அவருடைய உம்மாவும் அவருடைய ராத்தாவும் ஒரு மாமியும் வந்தார்கள். வேனை ஓட்டி வந்தது அவர்தான். முறைப்படி ஒழுங்கை முனையில் நின்றுகொண்டார். மூத்த ராத்தாவின் திட்டம் அச்சொட்டாக நடந்தது. வந்தவர்கள் பழைய வீட்டில் இருந்தார்கள், வட்டிலப்பம் தின்றார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். என்னோடு பழகிய அந்த வாடிக்கைக்காரி உம்மாவின் படுக்கையறைக்குள்ளே போய் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த அறை தம்பிக்கு நல்லம். இஞ்ச ஏசி பூட்டலாம். அந்த அலுமாரிய எடுத்தாச் சரி."

அது உம்மாவின் அலுமாரி. உம்மா தன் அறையின் வாசலில் விருந்தாளிபோல நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வியையும் அந்த மதினி ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் எங்க மாமி, பின்னுக்கா?"

உம்மா பின்பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கை முழுதாக உயரவில்லை. என் வாய் திறந்துகொண்டது.

"இது எங்கட உம்மாட ஊடு. உம்மாவும் வாப்பாவும் இஞ்சதான் இரிப்பாங்க. நீங்க பாக்க வந்தது என்ட ஊட்டத்தானே, அது பக்கத்துல. வாங்க, காட்டுறன்."

மூத்த ராத்தா பார்த்த பார்வைக்கு அடுப்பில்லாமலே தண்ணீர் கொதித்திருக்கும். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். 

என் வீட்டுக்குள் நான்கு பேர் ஒரே நேரத்தில் நிற்பது ஒரு கலை. அவர்களோடு வந்த மாமி படியில் இருந்தார். மதினி தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். அவருடைய உம்மா ஜன்னலோரம் போனார். நான் குசினிக்குள் நின்றேன். ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் எல்லோரும் திரும்ப வேண்டியிருந்தது. மதினி போனை எடுத்தார்.

"தம்பி, இஞ்ச வா. வந்து உன்ட கண்ணால பாரு. பிறகு ராத்தாதான் கெடுத்த எண்டு சொல்லப்படாது."

அவர் வந்தார். வாசலில் நின்று சத்தமாக ஸலாம் சொன்னார். நான் பதில் சொல்லும்வரை வாசற்படியில் கால் வைக்கவில்லை. பிறகு குனிந்து உள்ளே வந்து, நிமிர்ந்தார். டொக் என்று தட்டுப் பலகையில் தலை மோதியது. மதினியின் முகத்தில் வெற்றி தெரிந்தது. மாப்பிள்ளை தலையைத் தடவிக்கொண்டு தரையில் இருந்தார். சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். பாதம் போய் மற்றச் சுவரைத் தொட்டது. இரண்டு சுவரையும் பார்த்தார்.

"காணும்தானே, இது போதும்," என்றார்.

"காணுமா? உனக்கு என்ன விசரா? நாளைக்குப் புள்ள குட்டி எண்டு வந்தா எங்க போடுற? பக்கத்துல அம்புட்டுப் பெரிய ஊட்ட வெச்சிக்கிட்டு இதுக்குள்ள போட்டு அடைக்கப் பாக்காங்க. தாய் தகப்பன் மகளுக்கு ஊட்டக் குடுத்திட்டுப் பின்னுக்குப் போறது எல்லாரும் செய்யிறதுதானே. எங்கட உம்மா செய்யல்லியா?"

அப்படிச் சொன்னபிறகுதான் எல்லோரும் அந்த உம்மாவைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. என் ஜன்னலில் தொங்கிய இளம்பச்சைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று தன் அறையில் பிடித்த அதே பிடி.

"மகள்," என்று என்னைக் கூப்பிட்டார். "இந்தக் கதவுட திறப்பு ஆருட்ட இரிக்கி?"

"என்னட்ட மாமி." சாவியைக் காட்டினேன்.

"உம்மாட ஊட்டுத் திறப்பு?"

"அது உம்மாட்டத்தான். எப்பவும்."

அவர் தலையை ஆட்டினார். மகளின் பக்கம் திரும்பினார்.

"இந்த ஊடு காணும். என்ட மகன் இஞ்சதான் வருவான். இதுக்குள்ள அவன் வாறதுக்காக வேற ஒருத்தரும் வெளிய போகல்ல."

மதினிக்கு முகம் வாடிப்போனது. "உம்மா, உங்களுக்கு நாங்க என்ன குற வெச்ச?"

"ஒரு குறையும் வெக்கல்ல மகள். வெங்காயம்தான் வெச்ச."

படியில் இருந்த மாமிக்குச் சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்க, தரையில் இருந்தவர் சிரிக்க, கடைசியில் மதினியும் அழுகையும் சிரிப்புமாகக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் குசினிக்குள் திரும்பி நின்று அடுப்பைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஒரு தரம் அல்ல.

கலியாணத்துக்கு ஊரே வந்தது. சாப்பாடு உம்மாவின் வீட்டில். கட்டில் கதவால் நுழையாதென்று தச்சு வேலை செய்கிற ஓடாவி பலகையைக் கொண்டுவந்து தட்டுக்கு மேலேயே இருந்து அடித்தார். இனி அதைக் கழற்ற வேண்டுமென்றால் வீட்டை உடைக்க வேண்டும். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே என் வாசலால் நுழைந்தார். என்ன வெட்கம் பாருங்கள் என்று சனம் மெச்சியது. அது பலகைக்குப் பயந்த குனிவு என்று எனக்கு மட்டும் தெரியும். மூத்த ராத்தா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "உன்ட வாய் ஒருநாளும் திருந்தாது" என்றார். அதை வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன்.

வாழ்க்கை நடக்கிறது. கலியாண மண்டபத்துக் கேட்டின் தைத்தால் துணி வாசலைத் தாண்டி ஒழுங்கைவரை போகும். அவர் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். பாடசாலைப் பிள்ளைகள், "சேர், துணி காயப் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடும். "ஓம், நீ வந்து கொடியாய் நில்லு" என்பார். தலை இடிபடுவது ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது பெரிய வீடுகளுக்குப் போனாலும் மனுசன் பழக்கதோசத்தில் குனிந்துதான் நுழைகிறார்.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து, என் மாமி, அவருடைய உம்மா, எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீரைக்கூட வாங்கவில்லை. "அந்த மேசனக் கூப்பிடுங்க" என்றார். மருதமுனை வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடம் இருக்கிறதாம். அதில் இதே மாதிரி வேண்டுமாம். தட்டு வேண்டாம், ஏறமாட்டாராம். கதவு மட்டும் நல்ல கதவாக, பூட்டோடு வேண்டுமாம். என் கணவர் ராத்தாவோடு கதைத்தார். மதினி முதலில் முறுக்கினார். ஊர் என்ன சொல்லும், பெத்த தாயை வெளியே போட்டதாகச் சொல்லாதா என்று கேட்டார். பிறகு அவரே மேசனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

கேட்டினுக்குத் துணி எடுக்க மாமியைக் கடைக்குக் கூட்டிப்போனேன். மிச்சத் துண்டு பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. கடைக்காரரின் மேசையை நிறைத்துத் துணி போடச் சொல்லி, எல்லாவற்றையும் புரட்டி, கடைசியில் நல்ல சிவப்பில் ஒன்றைத் தொட்டார். "வயசுக்குக் கூடிப்போகுமோ?" என்று மட்டும் கேட்டார். "குறைவு மாமி" என்றேன்.

ஓதி, பால் காய்ச்சிக் குடிபோன அன்று எல்லோரும் போனபிறகு நானும் மாமியும் மட்டும் உள்ளே இருந்தோம். மதினி முற்றத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார், கையில் ஒரு மூட்டை. என்ன மூட்டை என்று எனக்குத் தெரிந்தது. பழக்கம் அல்லவா, நேராக வாசலுக்குள் ஒரு காலை வைத்துவிட்டார்.

"மகள்," என்றார் மாமி. குரல் உயரவில்லை. "இது என்ட ஊடு. வாசல்ல நிண்டு ஸலாம் சொல்லுங்க."

மதினி அப்படியே நின்றார்.  பிறகு அவர் வைத்த காலை எடுத்தார். மூட்டையை வெளியே மண்ணில் இறக்கி வைத்தார். தலைச் சீலையைச் சரிசெய்துகொண்டு, அஸ்ஸலாமு அலைக்கும் என்றார்.

மாமி எழுந்து போய் சிவப்புக் கேட்டினை ஒதுக்கிவிட்டார். வந்து கதிரையில் இருந்து மடியில் சாவியை வைத்துக்கொண்டார்.

"வஅலைக்கும் ஸலாம்," என்றார். "ஆரது? உள்ள வாங்க."